மட்டை பிடித்த மூன்று தலைமுறை

தம் மக்கட்கு ஏற்றதொரு தொழிலைத் தெரிந்து அமைத்துக் கொடுத்தல் பெற்றோர் கடன்களுட் பெரியது என்பது நம் சங்கத்தார்க்கு யாம் எடுத்தோத வேண்டுவதொன்றன்று. உழவு, வாணிகம், ஆசிரியத் தொழில், மருத்துவம், பொறியியல் என்னும் இவற்றுள் ஏதேனும் ஒன்றை உள்ளத்திற்கொண்டே மகனையும் மகளையும் நோக்கிப் பழகிய நம் குடும்பத்தார் நடுவே, அண்மைக் காலத்தில் ஒரு புதிய வினா எழுந்துளது. விளையாட்டு ஒரு தொழிலாகுமா என்பதே அவ்வினா. கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்திலும், சிதம்பரத்திற் பல்கலைக்கழகத்தை அடுத்த திடல்களிலும் மாலைதோறும் ஓடியாடும் சிறாரின் பெற்றோர் பலர் இதுபற்றி எம்மை வினவியுள்ளனர். ஆசையோடு வினவினாரும் உளர். அச்சத்தோடு வினவினாரும் உளர். "பையன் படிப்பை விட்டுவிட்டான், நீங்களாவது சொல்லுங்கள் ஐயா" என்று முறையிட்டாரும் உளர். ஆமென்றோ அன்றென்றோ ஒரு சொல்லில் விடையிறுத்தல் எளிது. விளையாட்டையே குடித்தொழில்போற் கொண்ட தமிழ்க் குடும்பம் ஒன்றன் வரலாற்றை உற்றுநோக்குதல் அதனினும் பயனுடைத்தென யாம் கருதினோம்.

அக்குடும்பம் டென்னிஸ் ஆட்டத்தில் உலகறிந்த ராமநாதன் கிருஷ்ணன் அவர்களுடைய குடும்பம். தந்தை டி. கே. ராமநாதன், மகன் கிருஷ்ணன், பெயரன் ரமேஷ். மூவரும் மட்டை பிடித்தவர். மூவரும் பெயர் பெற்றவர்.

குடித்தொழில் நம் பகுதிக்குப் புதியதன்று. தில்லைத் திருக்கோயிலிற் பொதுத் தீட்சிதர் குடும்பங்களிற் பிறந்த ஆண்மகன் மணம் புரிந்துகொண்ட பின்னரே பூசைமுறையிற் பங்குடையன் ஆகின்றான் என்பதைச் சிதம்பரத்தார் யாவரும் அறிவர். நாகசுரமும் தவிலும் தந்தையிடமிருந்தோ மாமனிடமிருந்தோ வந்தன. தறியும் உலையும் அவ்வாறே வந்தன. அங்கெல்லாம் பிறப்பு உரிமையைத் தந்தது. பழக்கம் திறத்தைத் தந்தது. டென்னிஸ் ஆட்டத்திலோ பிறப்பினால் வரும் உரிமை யாதுமில்லை. தந்தை மகனுக்கு மட்டையைக் கொடுக்கலாம். தம் காலைப் பொழுதுகளையெல்லாம் கொடுக்கலாம். வலைக்கு அப்பால் நிற்பவனோ இவன் யார் மகன் என்று கேட்டுப் பந்தை அடிப்பதில்லை. ஆதலின் இவ்வரலாறு குடித்தொழிலின் வரலாறு போன்றும் போலாதும் இருக்கின்றது.

புல்தரை டென்னிஸ் இங்கிலாந்தில் 1870-களில் உருவாயிற்று. விம்பிள்டன் பந்தயம் 1877-ஆம் ஆண்டு தொடங்கிற்று. ஆங்கில அதிகாரிகளும் படையினரும் அவ்வாட்டத்தை இந்நாட்டிற்குக் கொணர்ந்து, தாம் தங்கிய பெருநகரங்களிலும் மாவட்டத் தலைநகரங்களிலும் மன்றங்கள் அமைத்து ஆடினர். நாளடைவில் வழக்கறிஞரும் உயர் அலுவலருமாகிய இந்தியரும் அம்மன்றங்களிற் புகுந்தனர். ஆயினும் அஃது அவர்க்கெல்லாம் மாலைப் பொழுதுபோக்கேயன்றிப் பிழைப்பன்று. டென்னிசாற் பிழைத்தவர், பந்தெடுத்துக் கொடுத்தோரும் 'மார்க்கர்' எனப்பட்ட பணியாளருமே. துரைமாரோடு சரிக்குச் சரியாக ஆடும் வன்மையுடைய மார்க்கரும் அவருள் இருந்திருப்பர். அவர் பெயரை எவரும் ஏட்டில் எழுதிவைத்தாரல்லர். இது நிற்க.

ராமநாதன் அவர்கள் நாக்பூரில் வாழ்ந்து, அந்நாளைய அகில இந்தியப் பந்தயங்களில் ஆடிப் பெயர் பெற்றவர். பந்தை நிலத்தினின்று எழுந்தபின் நிதானமாக வாங்கி, எதிர்ப்பக்கத்தில் தாம் கருதிய இடத்திற்கே திருப்பி அனுப்புதல் அவரது ஆட்டத்தின் இயல்பு. அவர்தம் மகன் கிருஷ்ணன் 1937-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் நாள், அக்காலத்துத் திருவிதாங்கூரைச் சார்ந்திருந்த நாகர்கோவிலிற் பிறந்தார். மகனுக்கு ஆட்டம் கற்பித்தவர் தந்தையே. பொருள் கொடுத்து வேறோர் ஆசிரியரை அமர்த்திக்கொள்ளவில்லை. ஆசிரியத் தொழிலில் இருக்கும் எம்மனோர்க்கு இதன் அருமை நன்கு விளங்கும். தம் மகனுக்குத் தாமே ஆசிரியராதல் மிக அரிது. வீட்டிற் காட்டும் பரிவு களத்திற் குறுக்கிடும், களத்திற் காட்டும் சினம் உண்ணுமிடத்துத் தொடரும். இவ்விரண்டையும் பிரித்தறிந்து நடந்த தந்தையரே இதில் நிலைபெற்றனர்.

கிருஷ்ணன் சென்னைக்கு வந்து பயின்ற காலத்தில், கல்லூரி மாணாக்கர்க்கேயுரிய பெர்ட்ரம் பந்தயத்தில், லயோலா கல்லூரித் தலைவரின் தனி இசைவு பெற்று, பள்ளிச் சிறுவராயிருந்தே ஆடி வென்றார். 1953-இல் விம்பிள்டன் சிறுவர் பந்தயத்தின் இறுதி ஆட்டம் வரை சென்று தோற்றார். மறு ஆண்டே, தம் பதினேழாம் வயதில், ஆஸ்திரேலியரான ஆஷ்லி கூப்பரை வென்று அப்பட்டத்தைக் கொண்டார். அப்பட்டம் பெற்ற முதல் ஆசியர் அவரே. அதன்பின் வந்த ஏழெட்டு ஆண்டுகள் அவர் வாழ்வின் நண்பகல் எனலாம். 1959-இல் லண்டன் குயின்ஸ் மன்றத்துப் பட்டத்தை வென்றார். 1960-இலும் 1961-இலும் விம்பிள்டனில் அரையிறுதி வரை சென்றார். முன்னதில் நீல் பிரேசரிடமும் பின்னதில் ராட் லேவரிடமும் தோற்றார். அவ்விருவரும் அவ்வவ்வாண்டிற் பட்டம் கொண்டவர் என்பதையும், 1961-இற் கால் இறுதியிற் கிருஷ்ணனிடம் தோற்றவர் ராய் எமர்சன் என்பதையும் நினைவிற்கொள்ளின் அத்தோல்விகளின் தரம் விளங்கும்.

அந்த 1961-ஆம் ஆண்டில் இன்னொன்றும் நிகழ்ந்தது. ஜூன் 5-ஆம் நாள் சென்னையில் ரமேஷ் பிறந்தார். லேவரை எதிர்த்து அரையிறுதி ஆடிய தந்தைக்கு வீட்டில் ஒரு திங்கட் குழவி. விமானப் பயணம் அரிதாயும் தொலைபேசிக்கு மணிக்கணக்கிற் காத்திருக்க வேண்டியதாயும் இருந்த காலம் அது. ஆட்டக்காரன் வீட்டுப் பெண்டிர் தாங்கிய தனிமையை வெற்றிப் பட்டியல்கள் பேசுவதில்லை; படிப்போர் தாமே எண்ணிக்கொள்ளல் வேண்டும்.

இனி யாம் சற்று நின்று நோக்கவேண்டிய இடம் ஒன்றுளது. அக்காலத்து டென்னிஸ் உலகு இரண்டாகப் பிளவுண்டிருந்தது. பொருளுக்காக ஆடுவோர் ஒரு சாரார். பொருள் கொள்ளாது ஆடுவோர் மற்றொரு சாரார். விம்பிள்டன் முதலிய பெரும் பந்தயங்களும், நாடுகள் தம்முள் ஆடும் டேவிஸ் கோப்பையும் பின்னவர்க்கே உரியன. பொருள் பெறும் ஒப்பந்தத்திற் கையெழுத்திட்டவன் அன்றே அவற்றினின்று நீங்கினான். அத்தகைய ஆட்டக்காரரைத் திரட்டி ஊர் ஊராக ஆட்டங்கள் நடத்தியவர் ஜாக் கிரேமர் என்னும் அமெரிக்கர். கிருஷ்ணனின் 1959-ஆம் ஆண்டுத் திறங்கண்ட அவர், மூன்றாண்டுகட்கு 1,50,000 டாலர் உறுதியாகத் தருவதாகக் கூறி அழைத்தார். அந்நாளில் ஒரு டாலர் ஏறத்தாழ 4 ரூபாய் 76 காசு. கணக்கிட்டால் 7 இலட்சம் ரூபாய்க்கு மேலாகின்றது. நம் நாட்டில் அலுவல் பார்ப்பவர் ஒருவர் தம் வாழ்நாள் முழுதும் உழைத்தும் காணாத தொகை அது.

கிருஷ்ணன் மறுத்துவிட்டார். நாட்டிற்காக டேவிஸ் கோப்பையில் ஆடுதலை அவர் விட மனங்கொள்ளவில்லை.

இதனைத் தியாகம் என்று புகழ்ந்து விரைந்து கடந்துவிட யாம் விரும்பவில்லை. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதினர் ஒருவர் 7 இலட்சத்தை மறுத்தார் என்பதனைக் குடும்பத் தலைவர்கள் தத்தம் வீட்டு நிலைமையில் வைத்து எண்ணிப் பார்த்தல் தகும். நம்முள் எத்துணைப் பெற்றோர் அதற்கு உடன்பட்டிருப்பர்? எம்மைக் கேட்டால், ஓரிரவு முழுதும் உறங்காது கிடந்து காலையில் "ஒப்புக்கொள்" என்றே கூறியிருப்போம் போலும். எனினும் அவ்வொப்பந்தத்தின் மறுபக்கத்தையும் காணவேண்டும். கிரேமரின் குழுவினர் இன்று ஓரூர், நாளை மற்றோரூர் எனத் திங்கட்கணக்கில் திரிந்தவர். சிறிது நாள் தோற்றுக்கொண்டே இருப்பின் அவர் பெயர் மங்கும். திரும்பிச் செல்ல விம்பிள்டனும் இல்லை, டேவிஸ் கோப்பையும் இல்லை. விம்பிள்டன் 1968-இலேதான் இரு சாரார்க்கும் பொதுவாயிற்று. அவ்வாண்டு வென்றவர்க்கு அளித்த பரிசு 2,000 பவுன். டேவிஸ் கோப்பையோ எல்லார்க்கும் பொதுவாக 1973 வரை காத்திருந்தது.

அவர் மறுத்ததன் பயனை நாடு 1966-இற் கண்டது. கல்கத்தா நகரிற் பிரேசில் நாட்டோடு நடந்த போட்டியில் இரு நாடும் இரண்டிரண்டு வென்று நிற்க, முடிவைக் காட்டும் ஐந்தாம் ஆட்டம் கிருஷ்ணனுக்கும் தாமஸ் கோக் என்பார்க்கும் நிகழ்ந்தது. கோக் மூன்று செட்டுகளில் இரண்டை வென்று, நான்காம் செட்டிலும் 5-2 என முந்தி நின்றார். இன்னும் ஓர் ஆட்டம் பெற்றால் வெற்றி அவர் கையில். அவ்விடத்தினின்று கிருஷ்ணன் விரையாது, பதறாது, ஒவ்வொரு பந்தாக மீட்டு நான்காம் செட்டை 7-5 என்றும், ஐந்தாம் செட்டை 6-2 என்றும் வென்றார். நாக்பூரில் தந்தை பழக்கிய நிதானம் அன்று கல்கத்தாவிற் பயன்பட்டது என்பது எம் துணிபு. அதனால் இந்தியா முதன்முறையாக டேவிஸ் கோப்பை இறுதிக்குச் சென்றது. மெல்போர்ன் நகரில் ஆஸ்திரேலியா 4-1 என வென்றது. அந்த ஒன்று, கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் நியூகோம், ரோச் என்னும் இணையரை வென்று பெற்றது.

நாடு அவர்க்குச் சிறப்புச் செய்யத் தவறவில்லை. 1961-இல் அர்ஜுனா விருது, 1962-இல் பத்மஸ்ரீ, 1967-இல் பத்மபூஷண் ஆகியன வந்தன. பட்டங்கள் சுவரை அழகுசெய்யும். அரிசிக்கடைக்காரர் அவற்றை வாங்கிக்கொள்ளார். கிருஷ்ணன் பின்னாளிற் சென்னையிற் சமையல் எரிவாயு வழங்கும் முகவாண்மை நடத்தினார். உலக வரிசையில் மூன்றாமவர் என ஒரு காலத்தில் மதிக்கப்பெற்றவர் எரிவாயு உருளைக் கணக்குப் பார்த்ததை இழிவாக எண்ணுவோர் சிலர் இருக்கலாம். யாம் அங்ஙனம் எண்ணவில்லை. அக்கணக்கேடு இருந்தமையின், அவ்வீட்டில் அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்க ஓய்வும் இருந்தது.

ரமேஷ் தம் பாட்டனாராகிய ராமநாதன் அவர்களிடமும் தந்தையிடமும் பயின்றார். தந்தைக்கும் மகனுக்கும் ஒரே ஆசிரியர் என்பது இக்குடும்பத்தின் தனிச் சிறப்பு. 1979-ஆம் ஆண்டு, தந்தை வென்ற ஆண்டிற்குச் சரியாக 25 ஆண்டுகள் கழித்து, அதே விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை ரமேஷ் வென்றார். பிரெஞ்சுப் பந்தயத்திலும் அவ்வாண்டே சிறுவர் பட்டம் பெற்றார். ஆனால் அவர் புகுந்த உலகு தந்தையின் உலகன்று. ஆட்டம் அதற்குள் தொழிலாகிவிட்டது. தந்தை மறுத்த பொருள், மகனுக்கு மறுக்க வேண்டாத ஊதியமாயிற்று. கணிப்பொறி வாரந்தோறும் வரிசை எண் தந்தது. 1985-இல் அவ்வரிசையில் ரமேஷ் 23-ஆம் இடத்தை அடைந்தார். அமெரிக்கப் பந்தயத்தில் 1981-இலும் 1987-இலும், விம்பிள்டனில் 1986-இலும் கால் இறுதி வரை சென்றார். 1989-இல் ஆஸ்திரேலியப் பந்தயத்தில், அன்று உலகின் முதல்வராயிருந்த மாட்ஸ் விலாந்தரைத் தோற்கடித்தார்.

குடும்பக் கல்வியின் நன்மையைக் கூறினோம்; அதன் குறையையும் கூறாது விடின் வரலாறு நடுநிலை தவறும். தந்தையும் மகனும் மென்மையான தொடுகையாலும், பந்தை வேண்டுமிடத்திற் சேர்க்கும் நுட்பத்தாலும் கண்டாரைக் கவர்ந்தனர். ஆயின் ஆட்டத்தைத் தொடங்கும்போது பந்தை மேலெறிந்து அடிக்கும் அடி, ஆடுவோர் 'செர்வீஸ்' என்பது, இருவர்க்குமே வலிமை குன்றியது. மர மட்டைகள் போய்க் கிராபைட்டு மட்டைகள் வந்து, அவ்வடி துப்பாக்கிக் குண்டுபோற் பாய்ந்த 1980-களில் ரமேஷ் அதன் விலையைப் பெரிதும் கொடுத்தார். ஒரே வீட்டில் ஒரே முறையிற் கற்ற கல்வி அழகைக் காப்பதுபோலவே குறையையும் காக்கும். பாட்டுப் பரம்பரைகளிலும் இதனைக் காண்கின்றோம். குருவின் இருமலையும் சேர்த்துப் பாடும் மாணாக்கரைப் பற்றிய நகைப்பு நம்மிடையே உண்டன்றோ?

எனினும் 1987-இல் அக்குடும்பத்தின் பழைய கணக்கொன்று தீர்ந்தது. சிட்னி நகரில் ஆஸ்திரேலியாவோடு டேவிஸ் கோப்பை அரையிறுதி. தந்தைக்கு 1966-இல் வாய்த்ததுபோலவே, இரண்டிரண்டு என நிற்கையில் முடிவாட்டம் மகன் கையில் வந்தது. ரமேஷ், வாலி மேசர் என்பாரை அவர் சொந்த நாட்டிலேயே நேர் செட்டுகளில் வென்றார். இந்தியா மீண்டும் இறுதிக்குச் சென்றது. ஸ்வீடன் நாட்டுக் கோட்டன்பர்க் நகரில் 5-0 எனத் தோற்றது வேறு கதை.

அவ்வணியில் உடனிருந்த விஜய் அமிர்தராஜின் குடும்பம் இன்னொரு வகையானது. ஆனந்த், விஜய், அசோக் ஆகிய மூன்று உடன்பிறந்தாரும் டென்னிஸ் ஆடினர். விஜய் விம்பிள்டனில் 1973-இலும் 1981-இலும் கால் இறுதி கண்டவர். அசோக் பின்னர் அமெரிக்காவிற் புகழ்பெற்ற திரைப்படத் தயாரிப்பாளரானார். விஜயின் மகன் பிரகாஷும் ஆட்டக்காரரே. இவ்வீட்டில் விசையாயிருந்தவர் தாய் மேகி அமிர்தராஜ். அட்டைப்பெட்டிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றை அவர் நடத்திவந்தார். சிறு வயதில் விஜய் நுரையீரல் நோயாற் பள்ளி செல்ல இயலாதிருந்த நாட்களில், தாயே வகுப்பிற்குச் சென்று பாடங்களைக் குறித்துக்கொண்டு வந்து மகனுக்குச் சொல்லிக்கொடுத்தார் என்பர். எம் வகுப்பிற் பின்வரிசையில் ஒரு தாய் குறிப்பேட்டோடு அமர்ந்திருப்பாராயின் யாம் இன்னுஞ் சற்றுக் கவனமாகப் பாடம் நடத்துவோம் என்பதை ஒப்புக்கொள்கின்றோம்.

நம் கண்முன் நிகழ்ந்த மற்றொன்றையும் சுருங்கச் சொல்வோம். சென்னையைச் சார்ந்த சதுரங்க வீரர் வைசாலியும் அவர் தம்பி பிரக்ஞானந்தாவும், உடன்பிறந்த அக்காள் தம்பியாய்க் கிராண்ட்மாஸ்டர் நிலையை அடைந்தவருள் உலகில் முதல்வர். தம்பி 2018-இலேயே, பன்னிரண்டு வயதில் அதனைப் பெற்றார்; அக்காள் 2023-இல் எட்டினார். 2024-இல் புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் ஆடவர் அணியோடு தம்பியும், மகளிர் அணியோடு அக்காளும் தங்கம் பெற்றனர். தொலைக்காட்சியில் மூழ்கியிருந்த மகளை மீட்கவே பெற்றோர் முதலிற் சதுரங்கத்திற் சேர்த்தனர். தந்தை ரமேஷ்பாபு வங்கி அலுவலர். தாய் நாகலட்சுமி மக்களுடன் வெளிநாடு செல்லுங்கால் அடுப்பும் சோறு வடிக்கும் கலமும் கொண்டுசென்று சோறும் ரசமும் ஆக்கிக் கொடுத்தவர்.

இம்மூன்று வீடுகளையும் ஒருங்கு வைத்து நோக்கின், பெற்றோர் எம்மிடம் வினவிய வினாவிற்குப் பயன்படும் செய்தி ஒன்று புலனாகின்றது. எரிவாயு முகவாண்மை, அட்டைப்பெட்டித் தொழிற்சாலை, வங்கி அலுவல் என இவ்வீடுகளில் வேறொரு வருவாய் இருந்தது. பிள்ளை நாளைக்கு வென்றால்தான் உலை ஏறும் என்னும் நிலைமையில் எவரும் பிள்ளையைக் களத்திற்கு அனுப்பவில்லை. அந்நிலைமையில் ஆடும் சிறுவனுக்கு 5-2 எனப் பின்தங்கி நிற்கையில் கை நடுங்கும். ஆகவே, மகன் நன்றாக ஆடுகின்றான் என்று நிலத்தை ஒற்றி வைத்து அவனைப் பயிற்சிக்கு அனுப்ப எண்ணும் அன்பரை யாம் தடுப்போம். அவன் நன்றாக ஆடுகின்றான் என்பதற்காகவே மட்டையைப் பிடுங்கி ஒளித்து வைக்கும் அன்பரையும் தடுப்போம். மாலையிற் சென்று அவன் ஆடுவதை ஒருமுறை கண்டுவந்தபின் எம்மிடம் வருக என்பதே இவ்விரு திறத்தார்க்கும் யாம் கூறுவது.

இனிக் கிருஷ்ணன் குடும்பத்தைப் பற்றி எஞ்சியது சிறிதே. 1992-இல் பார்சிலோனா ஒலிம்பிக் பந்தயத்தில் ரமேஷ், இளைஞராயிருந்த லியாண்டர் பயஸோடு இணைந்து இரட்டையர் கால் இறுதி வரை ஆடினார். பயஸின் தந்தை 1972-இல் மியூனிக் ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்ற ஹாக்கி அணியினர். தாய் கூடைப்பந்து வீராங்கனை. நான்காண்டு கழித்து அட்லாண்டாவில் பயஸ் தனியே வெண்கலம் கொண்டார். ரமேஷுக்கு 1998-இற் பத்மஸ்ரீ வந்தது; 2007-இல் டேவிஸ் கோப்பை அணிக்கு ஆடாத் தலைவராயினார். தந்தையும் மகனும் நிர்மல் சேகர் என்னும் எழுத்தாளருடன் சேர்ந்து, தம் குடும்பத்து டென்னிஸ் கதையை 1999-இல் ஆங்கில நூலாக வெளியிட்டனர். சென்னையில் இருவரும் ஒரு பயிற்சிக்கூடமும் அமைத்தனர். ராமநாதன் அவர்கள் மகனுக்கும் பெயரனுக்கும் மட்டுமே கற்பித்த முறையில், எக்குடும்பத்துச் சிறாரும் அங்கே வந்து மட்டை பிடிக்கக் கற்றனர்.